பழைய எழுத்தில் சீனத்து ஊர்கள்

அமாய் என்று முகவரி எழுதிய கடிதமும் சியாமென் என்று எழுதிய கடிதமும் ஒரே துறைமுகத்துக்குத்தான் போய்ச் சேரும். ஸ்வாத்தோவும் ஷான்தோவும் ஒன்று. கான்டனும் குவாங்சோவும் ஒன்று. சிங்கப்பூர்ப் பொது அஞ்சலகம் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கடிதம் பிரிக்கும் வேலையில் நான் இருந்தேன். நாடு எதுவென்று தெரிந்தால் எங்கள் வேலை முடிந்தது. ஆனாலும் உறையில் இருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்காமல் கை அடுத்த கடிதத்துக்குப் போகாது. சீனத்துக்குப் போகும் உறைகளில் ஒரே ஊர் இரண்டு மூன்று எழுத்தில் வந்துகொண்டிருந்தது. பழைய எழுத்தைப் பார்த்தால், வெள்ளைக்காரனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை, அதனால் வந்த தவறு என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த எழுத்துகள் பெரும்பாலும் சரியாகக் கேட்டு எழுதப்பட்டவை. எந்தத் துறைமுகத்தில், யார் வாயிலிருந்து, எந்த ஆண்டில் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி.

அமாயையே எடுத்துக்கொள்ளலாம். மாண்டரின் மொழியில் அந்த ஊர் சியாமென். ஆனால் அந்த ஊர் இருக்கும் ஃபுஜியான் கரையில் மக்கள் பேசுவது ஹொக்கியன். ஹொக்கியன்காரர்கள், அதிலும் சாங்சோ பக்கத்து உச்சரிப்பு உள்ளவர்கள், அதை ‘ஏ-முய்’ என்பார்கள். கப்பலில் வந்த வெளிநாட்டார் அதைக் கேட்டு அமாய் என்று எழுதினார்கள். ஸ்வாத்தோவும் அப்படித்தான், தியோச்சியூ மக்களின் வாயில் வரும் ஒலி அது. என்னோடு வேலை பார்த்த தியோச்சியூப் பெரியவர் ஒருவர் ‘ஷான்தோ’ என்ற புதிய பெயரை வானொலியில் கேட்டபோது, தம் ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தமக்கு உடனே பிடிபடவில்லை என்றார். தம் தாய் அந்தப் பெயரை அப்படிச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

1842இல் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது: கான்டன், அமாய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய். அதற்குப் பிறகு இந்தப் பெயர்கள் சுங்கக் கணக்கிலும் கப்பல் அட்டவணையிலும் வங்கிப் பத்திரத்திலும் அன்றாடம் எழுதப்பட்டன. அவற்றின் கதையைத் தோண்டினால் எழுத்தைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று கிடைக்கிறது. சில பெயர்கள் அந்த ஊரின் பெயரே இல்லை.

கான்டன் என்பது குவாங்துங் மாநிலத்தின் பெயர். போர்ச்சுகீசியர் மாநிலத்தின் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றித் தலைநகரத்தின்மேல் வைத்துவிட்டார்கள். நகரத்தார் தங்கள் நகரைக் குவோங்சாவ் என்று சொல்லிக்கொண்டிருக்க, உலகம் அதைக் கான்டன் என்றது. 1858 தியன்ஜின் உடன்படிக்கை இன்னும் சில துறைமுகங்களைக் கேட்டு வாங்கியது. அதில் சாவ்சோ என்ற பெரிய ஊர் இருந்தது. வணிகம் நடந்ததோ கடலோரத்து ஸ்வாத்தோவில். தெங்சோ என்று எழுதி வாங்கினார்கள். கப்பல் நிற்க வசதியாக இருந்தது யந்தாய். அந்த யந்தாயையும் வெளிநாட்டார் யந்தாய் என்று சொல்லவில்லை. எதிரே இருந்த சிஃபூ தீவின் பெயரை எடுத்துச் ‘செஃபூ’ என்றார்கள். 1876இல் பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்ட செஃபூ உடன்பாடு இந்தப் பெயரில்தான் வரலாற்றில் ஏறியது.

இவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நியூச்வாங். உடன்படிக்கையில் அந்த ஊர் இருக்கிறது. லியாவ் ஆற்றின் உள்ளே தள்ளியிருந்த சந்தை ஊர் அது. ஆறு மண்மூடிப் பெரிய கப்பல் போக முடியாத நிலை. 1861இல் அங்கே போன பிரிட்டிஷ் தூதர் தாமஸ் டெய்லர் மெடோஸ், ஆற்றுமுகத்தருகே இருந்த யிங்கோவில் அலுவலகம் திறந்தார். ஆனால் உடன்படிக்கை உரிமை கொடுத்திருப்பது நியூச்வாங்குக்கு மட்டும். ஆகவே யிங்கோவையே நியூச்வாங் என்று அழைத்தார்கள். சுங்க அறிக்கைகள் பல பத்தாண்டுகள் யிங்கோ துறைமுகத்தின் வரவு செலவை நியூச்வாங் என்ற தலைப்பில் அச்சிட்டன. உண்மையான நியூச்வாங்கில் இருந்த மக்களுக்கு அந்த வணிகத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரு சட்ட வாசகத்துக்காக ஒரு ஊரின் பெயரை எடுத்து இன்னொரு ஊருக்குக் கொடுத்தார்கள், கேட்பார் இல்லை. இந்தப் பழைய பெயர்களைக் காதலோடு சேர்ப்பவன்தான் நான். ஆனால் அவற்றின் பின்னால் பீரங்கிக் கப்பல் நின்றதை மறந்துவிட்டு என்னால் அவற்றைப் பார்க்க முடியாது.

இந்தப் பெயர்களுக்கு ஒரே சீரான எழுத்தை வகுத்தது ஒரு சுங்க அலுவலகம். 1854இல் ஷாங்காயில் கலகக்காரர்கள் நகரைப் பிடித்திருந்த நேரத்தில் சுங்கம் வாங்க ஆள் இல்லாமல் போக, வெளிநாட்டு அதிகாரிகளை வைத்து ஓர் ஏற்பாடு தொடங்கியது. அதுவே பேரரசின் கடல் சுங்கத் துறையாக வளர்ந்தது. 1863 முதல் அதன் தலைவர் அயர்லாந்துக்காரரான ராபர்ட் ஹார்ட். சீன அரசுக்கு ஊழியம் செய்த அந்த மனிதரிடமே அஞ்சல் துறையும் வந்து சேர்ந்தது. 1896 மார்ச் 20 அன்று பேரரசரின் ஆணை வெளியாகி, மறு ஆண்டு சீனப் பேரரசு அஞ்சல் வேலையைத் தொடங்கியது.

அஞ்சல்காரனுக்கு எழுத்து ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பது வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரே ஊரை ஆங்கிலேயன் ஒரு மாதிரியும் பிரெஞ்சுக்காரன் வேறு மாதிரியும் ஜெர்மானியன் இன்னொரு மாதிரியும் எழுதினால் பை தவறும், முத்திரை தவறும், தந்தி தவறும். அப்போது அறிஞர்களிடையே செல்வாக்குப் பெற்ற முறை ஒன்று இருந்தது. 1867இல் தாமஸ் வேட் தம் பாடநூலில் வகுத்து, ஹெர்பர்ட் கைல்ஸ் 1892இல் தம் அகராதியில் திருத்தி எடுத்த முறை. பீக்கிங் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. அதில் எழுத்துக்கு மேலே காற்புள்ளி போன்ற குறிகளும், அசைகளுக்கு இடையே சிறு கோடுகளும் நிறைய வரும். தந்திக்கு இவை ஆகாது. தெற்கத்தி ஊர்களின் மக்களுக்குப் பீக்கிங் உச்சரிப்பும் ஆகாது.

1906இல் ஷாங்காயில் கூடிய அஞ்சல், தந்தி மாநாடு ஒரு சமரசத்துக்கு வந்தது. ஏற்கனவே புழங்கிவரும் பெயர்களை அப்படியே விட்டுவிடுவது. குவாங்துங், குவாங்சி, ஃபுஜியான் பகுதிகளில் உள்ளூர் ஒலிக்கு இடம் கொடுப்பது. மற்றவற்றுக்குப் பொதுமுறை, ஆனால் குறி எதுவும் வேண்டாம், வெறும் எழுத்து மட்டும். பின்னாளில் அஞ்சல் துறைத் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் தியோஃபில் பிரி, பீக்கிங் ஒலியைவிட நான்கிங் அசைமுறையை விரும்பினார். சீன மொழியியல் அறிஞர்கள் இந்தக் கலவையை ஒழுங்கில்லாதது என்று குறை சொல்வதுண்டு. நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். நாடு முழுக்க ஒரே வாய் இல்லை என்பதை அந்த அஞ்சல் பட்டியல் ஒப்புக்கொண்டது. அமாய்க்காரன் தன் வாயில் சொன்னதை உறையின்மேல் எழுதலாம், கடிதம் போய்ச் சேரும்.

பீக்கிங் என்பதில் உள்ள ககரத்தைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். ‘ஜிங்’ என்று சொல்வதைக் ‘கிங்’ என்று எப்படிக் கேட்டார்கள் என்று ஏளனமாகப் பேசுவோரை நிறையப் பார்த்திருக்கிறேன். பீக்கிங் என்ற எழுத்து ஐரோப்பாவுக்குப் போன காலத்தில் தலைநகர் என்னும் அந்தச் சொல்லுக்கு ககர ஒலி பரவலாக இருந்தது. பிறகு வடக்கத்திப் பேச்சில் இகரத்துக்கு முன் வந்த ககரம் பல்லை நோக்கி நகர்ந்து ‘ஜி’, ‘சி’ போன்ற ஒலியாயிற்று. தெற்கே ஹொக்கியனிலும் கான்டனீஸிலும் அது நகரவில்லை, இன்றும் அவர்கள் அந்தச் சொல்லைக் ககரத்தோடுதான் சொல்கிறார்கள். தமிழருக்கு இதைப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டாம். கன்னடர் ‘கிவி’ என்பதை நாம் ‘செவி’ என்கிறோம், அவர்கள் ‘கிரு’ என்பதை நாம் ‘சிறு’ என்கிறோம். இகர எகரத்துக்கு முன் நம் ககரமும் ஒரு காலத்தில் சகரமாக நகர்ந்ததுதான். கிவி என்று எழுதியவனைக் காது கேட்காதவன் என்று யாரும் சொல்வதில்லை.

முதலெழுத்தின் கதை வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது பீக்கிங்கில் P எழுத்தும் பெய்ஜிங்கில் B எழுத்தும் வருவதைப் பார்த்து ஒலியே மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். மாறவில்லை. மூச்சு விடாமல் உதட்டை மூடித் திறக்கும் ஒலி அது, கிட்டத்தட்ட ‘படம்’ என்னும்போது நாம் சொல்லும் பகரம். பழைய முறை அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்தது, பின்யின் என்னும் இன்றைய புதிய முறை வேறோர் எழுத்தைக் கொடுத்தது. தைபெய் என்பதன் கடைசி அசையும் ஹெபெய் என்பதன் கடைசி அசையும் ஒரே சீன எழுத்து, ‘வடக்கு’ என்று பொருள். தைவான் பழைய முறையில் எழுதுகிறது, சீனப் பெருநிலம் புதிய முறையில் எழுதுகிறது, அவ்வளவுதான்.

குறிகளை விட்டதற்கு அஞ்சல் முறை ஒரு விலை கொடுத்தது. நான்கிங்கில் வரும் ‘கிங்’கும் சுங்கிங்கில் வரும் ‘கிங்’கும் உறையில் ஒன்றுபோல இருக்கும். சீனத்தில் அவை வெவ்வேறு சொற்கள், இரண்டாவதற்கு மூச்சு உண்டு. புதிய முறையில் முதலாவது நான்ஜிங், இரண்டாவது சோங்சிங். இதே சிக்கலை ஓரிடத்தில் அஞ்சல் முறை அழகாகத் தீர்த்தது. பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இரண்டின் பெயர்களுக்கும் ஒலி ஒன்றே, சுரம் மட்டும் வேறு. அஞ்சல்காரர்கள் ஒன்றை ஷான்சி என்றும் மற்றதை ஷென்சி என்றும் எழுதிப் பிரித்துவிட்டார்கள். பின்யின் முறைக்கும் அதே தலைவலி வந்தது. அங்கே ஒன்றுக்கு அகரத்தை இரட்டித்தார்கள். அந்த இரட்டை அகரம் பின்யினின் சொந்தச் சரக்கு இல்லை, 1928இல் அரசு ஏற்ற, மொழியியலாளர் சாவ் யுவென் ரென் முன்னின்று வகுத்த முறையிலிருந்து வந்த கடன்.

அரசியல் புகுந்து மாற்றிய பெயர்களும் உண்டு. 1928இல் தேசியக் கட்சி தலைநகரை நான்கிங்குக்கு மாற்றியபோது பீக்கிங், பெய்பிங் ஆயிற்று. 1949இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஷென்யாங் உலகுக்கு முக்டென் என்ற மஞ்சுப் பெயரில் தெரிந்தது. லூஷுன் என்ற ஊருக்கு வில்லியம் ஆர்தர் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் பெயரால் போர்ட் ஆர்தர் என்று பெயர். பக்கத்துத் தாலியன் ரஷ்யர் கையில் தால்னி, ஜப்பானியர் கையில் தாய்ரென்.

மதராஸ் ராஜதானிக்கும் இந்தப் பெயர்களோடு பங்கு உண்டு, அது பெருமைக்குரிய பங்கு இல்லை. 1841 மே மாதக் கடைசியில், முதல் அபினிப் போரில், கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்தருகே 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழிதவறித் தனியே மாட்டிக்கொண்டது. துப்பாக்கி மருந்து நனைந்துபோக, ஆயிரக்கணக்கான கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். சீனப் பாடநூல்கள் அந்தச் சம்பவத்தை மக்கள் எதிர்ப்பின் தொடக்கமாகக் கொண்டாடுகின்றன. 1860 போருக்காக இந்தியப் படைப்பிரிவுகளுக்குக் கொடுத்த போர்ச்சிறப்பு ‘பெகின் 1860’ என்றிருக்கும், ஆங்கிலத்தில் கடைசி ஜி எழுத்து இருக்காது. 1900இல் மறுபடி படை போனபோது இந்திய அஞ்சல்தலைகள்மேல் சி.இ.எஃப். என்று மூன்று எழுத்து அச்சிட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். சீனப் பயணப்படை என்பதன் சுருக்கம். என் சேகரிப்பில் விக்டோரியா தலை போட்ட அரையணா ஒன்று இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம், வீட்டுக்கு அதை ஒட்டி அனுப்பியவர் தாம் நின்ற ஊரின் பெயரைத் தம் மொழியில் எப்படி எழுதியிருப்பார் என்று தோன்றும்.

அந்த ‘பெகின்’ எழுத்து சிங்கப்பூரில் இன்னும் தெருப்பலகையில் நிற்கிறது. பெகின் தெரு, நான்கின் தெரு இரண்டிலும் கடைசி ஜி கிடையாது. 1906 மாநாட்டுக்கு முந்தைய வழக்கம் அது. கொஞ்சம் தள்ளி அமாய் தெரு. தெலுக் ஆயரில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் ஹொக்கியன்காரர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் அருகருகே நிற்கின்றன, இரண்டுக்கும் பின்னால் ஓடுகிறது அந்தத் தெரு. கடல் கடந்து வந்து கரையேறிய இரண்டு கூட்டத்தாரும் தங்கள் நன்றியை அடுத்தடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பின்யின் 1958 பிப்ரவரி 11 அன்று சீன மக்கள் காங்கிரஸின் ஒப்புதல் பெற்றது. அதை உருவாக்கிய குழுவில் முதன்மையாக நினைக்கப்படுபவர் சோ யோகுவாங். பொருளாதாரம் படித்தவர், 1906இல், அதாவது அந்த ஷாங்காய் மாநாடு நடந்த ஆண்டிலேயே பிறந்து, 2017வரை வாழ்ந்தார். உள்நாட்டில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத்தான் பின்யின் முதலில் பயன்பட்டது. 1977இல் ஏதென்ஸில் கூடிய ஐக்கிய நாடுகளின் ஊர்ப்பெயர் மாநாடு சீன ஊர்களுக்கு அதையே ஏற்றது. 1979 ஜனவரி 1 முதல் சீன அரசு தன் வெளிநாட்டு மொழி வெளியீடுகள் எல்லாவற்றிலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. தன் ஊர்களின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு நாடு தானே முடிவு செய்தது, அதை உலகம் ஒத்துக்கொண்டது. நூறு ஆண்டுக்கு மேல் அடுத்தவர் எழுதிய பெயரைச் சுமந்தவர்களுக்கு அது நியாயமான உரிமை. அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் எங்கள் மேசைக்கு வந்த உறைகளில் அந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகையே 1986வரை பீக்கிங்கை விடவில்லை. சீனத்தில் இருந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும் எழுதிய பெரியவர்கள், எழுதத் தெரிந்தவரிடம் ஒரு தடவை எழுதி வாங்கிய முகவரியைத்தான் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுப்பார்கள். அவர்களுக்கு அது எழுத்து இல்லை, படம். ஸ்வாத்தோ, குவாங்துங் என்று கோணல்மாணலாக வரைந்திருக்கும், கீழே சீனத்தில் ஊரும் பேரும் தெளிவாக இருக்கும். பணத்தோடு சேர்த்து அனுப்பிய இப்படிப்பட்ட குடும்பக் கடிதங்களை ‘சியாவ்பி’ என்பார்கள். 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது என் பழைய வேலைக்கே மரியாதை கிடைத்ததுபோல மகிழ்ந்தேன்.

உள்ளூர் ஒலியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர் தங்கள் சந்தையிலேயே அனுபவித்தோம். சிராங்கூன் சாலைத் தலைப்பில் இருப்பது தேக்கா. மூங்கில் புதரடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல், நம் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. 1982இல் புதிய கட்டடம் வந்தபோது அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலியில் பின்யினில் எழுதி ‘சுஜியாவ் சென்டர்’ என்று பலகை வைத்தார்கள். ஆட்டிறைச்சி வாங்கப் போன தமிழரும் மீன் விற்ற தியோச்சியூக்காரரும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. 2000இல் அரசு தேக்கா என்ற பெயரையே திருப்பிக் கொடுத்தது. நல்ல முடிவு அது. நாட்டின் பெயரையும் தலைநகரின் பெயரையும் அரசு முடிவு செய்யட்டும். சந்தையின் பெயர் அங்கே கூடை தூக்குகிறவர்களுடையது.

பெருஞ்சீனத்திலும் பழைய எழுத்து முற்றாகப் போய்விடவில்லை. பீக்கிங் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்னும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறது. தலைநகர விமான நிலையத்தின் குறியீடு பி.இ.கே., குவாங்சோவுடையது சி.ஏ.என். 1903இல் தொடங்கிய மதுபான ஆலை தன் புட்டியில் ட்சிங்தாவ் என்று போடுகிறது, ஊர்ப்பலகையோ சிங்தாவ் என்கிறது.

கடைசியாக நமக்கு நெருக்கமான ஓர் ஊர், குவான்சோ. 1281 சித்திரையில், குப்லாய் கான் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். அரபு வணிகரும் மார்க்கோ போலோவும் அதை ஸைத்தூன் என்றார்கள். அங்கே நிறைய நட்டிருந்த கல்யாண முருங்கை மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது அது. ஐரோப்பியர் சின்ச்சூ என்றார்கள். சிங்கப்பூரில் சின் சூ தெருவும் உண்டு. 1912க்குப் பின் ஆட்சிப் பிரிவுகள் மாறியபோது நகரம் அஞ்சல் பட்டியலில் தன் வட்டத்தின் பெயரால் ட்சின்கியாங் ஆயிற்று. இன்று அந்த வட்டத்தின் பெயரை ஜின்ஜியாங் என்று எழுதுகிறார்கள்.

தாத்தாவின் பழைய உறைகளையும் குடிநுழைவுத் தாள்களையும் கொண்டுவந்து ஊர் எதுவென்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு மாநிலத்தைப் பாருங்கள், சீன எழுத்து இருந்தால் அதை மட்டும் நம்புங்கள். முதல் எழுத்தான டி மங்கியிருந்தால் ட்சின்கியாங் என்பது சின்கியாங் ஆகிவிடும். அது நாட்டின் மறுகோடியில், வடமேற்கில் இருக்கும் பெரிய மாநிலம், இன்றைய சின்ஜியாங். பக்கத்தில் ஃபுஜியானின் பழைய எழுத்தான ஃபுகியன் என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம், அந்த உறை குவான்சோவுக்குப் போனதுதான்.